எழுதியாயிற்று என்பது எப்பொழுது?



பல ஆண்டுகளுக்கு முன்பு, எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் அனைத்தையும் கணனியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாள் வேலை. புள்ளிகள் அடங்கிய கோப்பு அவருடைய பென் டிரைவில் மட்டுமே இருந்தது. மூன்றாம் நாள் மாலை கடைசிப் பெயரையும் ஏற்றி முடித்து, சேமிக்கும்படி கட்டளையிட்டார். சேமித்தாயிற்று என்று திரை காட்டியது. ஐயந்தீர அந்தக் கோப்பை மூடி மீண்டும் திறந்து பார்த்தார். பெயர்களும் புள்ளிகளும் வரிசை வரிசையாக இருந்தன. மனநிறைவோடு பென் டிரைவை உருவிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு வீடு சென்றார். இரவு வீட்டுக் கணனியில் அதனைப் பொருத்திப் பார்த்தபொழுது, கோப்பின் பெயர் இருந்தது; உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை.

மறுநாள் அவர் என்னிடம் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. "என் கண்ணாற் கண்டேன், எழுதியாயிற்று என்று கணனியே சொன்னது. கணனியும் பொய் சொல்லுமா?" என்றார் அவர்.

கணனி பொய் சொல்லவில்லை, நேயர்களே. ஆனால் கணனி சொன்ன "ஆயிற்று" வேறு, ஆசிரியர் விளங்கிக்கொண்ட "ஆயிற்று" வேறு. அவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு, அது ஏன் உண்டாயிற்று, அறிந்தவர்களும் அதனுள் எவ்வாறு விழுந்தார்கள் என்பனவே இன்றைய பேச்சின் பொருள். கணனி அறிஞர் இதனை ஒத்தியங்கா முறையில் எழுதுதல் என்பர். கட்டளையிட்டவன் காத்திராமல் தன் வழியே செல்ல, எழுதும் வேலை பின்னால் வேறாக நடைபெறுவதே அம்முறை.

முதலில், இவ்வாறு தாமதித்து எழுத வேண்டிய தேவை யாது என்று பார்ப்போம்.

கணனிக்குள்ளே நினைவகம் என்ற ஒன்று உண்டு. வட்டு என்ற ஒன்றும் உண்டு. நினைவகம் விரைவானது, ஆனால் மின்சாரம் நின்றால் அதிலுள்ளது அழிந்துவிடும். வட்டு மெதுவானது, ஆனால் மின்சாரம் நின்றாலும் அதிலுள்ளது நிலைத்திருக்கும். நினைவகத்தை ஒருமுறை அணுகுவதற்கு ஏறக்குறைய ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். சுழலும் வன்தட்டில் ஓரிடத்தைத் தேடிச் சென்று எழுதுவதற்கோ ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு வரை செல்லும். இரண்டும் நமக்குக் கண்ணிமைக்கும் நேரமே. எனினும் ஒன்று மற்றொன்றைப்போல் ஓர் இலட்சம் மடங்கு. நினைவகத்தின் வேலை ஒரு செக்கன் என்று கொண்டால், வன்தட்டின் வேலைக்கு ஏறக்குறைய 28 மணித்தியாலம் ஆகும். இக்காலத்துத் திண்ம நிலை வட்டுகள் இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆயினும் அவையும் நினைவகத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பின்தங்கியவையே.

ஒரு பெரிய அலுவலகத்தை மனத்திற் கொள்வோம். எழுதுவினைஞர் ஒருவர் மேசையில் இருந்து தாள்களை எழுதுகின்றார். அவற்றை வைக்கவேண்டிய பதிவேட்டு அறையோ நீண்ட தாழ்வாரத்தின் மறு கோடியில் இருக்கின்றது. ஒவ்வொரு தாளையும் எழுதியவுடன் அவரே எழுந்து நடந்து, அறையைத் திறந்து, உரிய இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த தாளைத் தொடுவாரானால், அவருடைய நாள் முழுவதும் நடையிலேயே கழியும். ஆகையால் மேசையின் ஓரத்தில் ஒரு தட்டு வைக்கப்படுகின்றது. எழுதிய தாளை அதில் இட்டால் அவருடைய வேலை முடிந்தது. சிற்றூழியர் ஒருவர் அவ்வப்பொழுது வந்து, சேர்ந்த தாள்களை அடுக்கி, ஒரே நடையிற் கொண்டுபோய் வைப்பார்.

இந்தத் தட்டினால் விளையும் நன்மைகள் பல. எழுதுவினைஞர் காத்திருப்பதில்லை. ஒரே தாள் பத்து முறை திருத்தப்பட்டால், பத்து நடைக்குப் பதில் கடைசித் திருத்தத்தோடு ஒரு நடை போதும். பதிவேட்டு அறையில் அருகருகே வைக்கவேண்டியவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969ஆம் ஆண்டிற் தொடங்கிய யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையிலேயே இந்தத் தட்டு இருந்தது. அம்முறைமையை உலகிற்கு விளக்கி அவர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலும், எழுதும் வேலை உடனுக்குடன் நடப்பதுபோற் செய்நிரலுக்குத் தோன்றினாலும், உள்ளே நினைவகத்தில் இடைத்தங்கல் ஏற்பாடு ஒன்று இயங்குகின்றது என்பதைக் குறிப்பிட்டார்கள். ஆகவே இது பின்னாளில் நுழைந்த குறைபாடு அன்று. தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்துச் செய்த ஏற்பாடு.

இன்று உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் முறைமையிலும் இதுவே நடைமுறை. எழுது என்று செய்நிரல் கட்டளையிட்டவுடன், முறைமை அந்தத் தரவை நினைவகத்திலுள்ள தட்டில் ஏற்றுக்கொண்டு "ஆயிற்று" என்று விடையளித்துவிடுகின்றது. வழக்கமான அமைப்பின்படி, சிற்றூழியர் 5 செக்கனுக்கு ஒருமுறை விழித்தெழுந்து, தட்டிலே 30 செக்கனுக்கு மேற் கிடந்தவற்றை வட்டிற்குக் கொண்டுபோகத் தொடங்குவார். அந்த இடைவேளையில் மின்சாரம் நின்றால், "ஆயிற்று" என்று விடைபெற்ற தரவும் இல்லாமற் போகும்.

இங்கே நுட்பமான ஒரு செய்தி உண்டு. தட்டிற் கிடக்கும் தாளை யாரேனும் கேட்டால், முறைமை அந்தத் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். அதனால் எழுதியதைத் திறந்து பார்ப்பவர் எவருக்கும் அது சரியாகவே தோன்றும். நமது ஆசிரியர் கோப்பை மீண்டும் திறந்து பார்த்து மனநிறைவு கொண்டார் அன்றோ? அவர் கண்டது பென் டிரைவில் இருந்ததை அன்று, நினைவகத்தில் இருந்ததை. எழுதியதை வாசித்துப் பார்ப்பது, எழுதியதற்குச் சான்று ஆகாது.

அப்படியாயின் சான்று யாது? 1983இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸ் 4.2 பதிப்பில் எஃப்-சிங்க் என்ற கட்டளை ஒன்று தோன்றியது. "இந்தக் கோப்பிற்குரிய தாள்கள் எல்லாவற்றையும் இப்பொழுதே பதிவேட்டு அறையிற் சேர்த்துவிட்டு வந்து சொல்; அதுவரை நான் காத்திருக்கின்றேன்" என்பதே அதன் பொருள். வட்டுக்குள்ளேயும் சிறியதொரு நினைவகத் தட்டு இருப்பதால், அதனையும் வெறுமையாக்கும்படி முறைமை வட்டுக்குக் கட்டளையிட வேண்டும். இவ்வளவும் நடந்து வெற்றி என்ற விடை வந்தாலன்றி, தரவு நிலைபெற்றது என்று கொள்ளுதல் தகாது.

அவ்வாறானால் ஒவ்வோர் எழுத்துக்கும் இந்தக் கட்டளையை இட்டால் என்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு, செக்கனுக்கு 120 முறை சுழல்கின்றது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சுற்றுக் காத்திருந்தால், செக்கனுக்கு 120 பதிவுகளுக்கு மேல் இயலாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையிற் பணம் செலுத்தும் வங்கிக்கு இது எம்மாத்திரம்? விரைவை நாடினால் உறுதி குறைகின்றது. உறுதியை நாடினால் விரைவு குறைகின்றது. இவ்வகைச் செய்நிரல் எழுதுவோரின் நெடுநாட் சிக்கல் இதுவே.

இச்சிக்கலுக்குத் தரவுத்தள அறிஞர் கண்ட வழி, நம் வணிகர் நன்கறிந்த ஒன்று. கடையிலே ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தவுடன் அதைச் சிட்டையிற் குறித்துக்கொள்வார்கள். பேரேட்டில் உரிய பக்கத்தைத் தேடிப் பதிவதைப் பின்னர் ஆறுதலாகச் செய்வார்கள். தரவுத்தளமும் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலிற் சிட்டை ஒன்றில் வரிசையாக எழுதி, அந்தச் சிட்டைக்கு மட்டும் எஃப்-சிங்க் கட்டளையை இடுகின்றது. ஒரே வேளையில் வந்த பலருடைய மாற்றங்களையும் ஒரே கட்டளையால் உறுதி செய்துவிடலாம். பேரேட்டு வேலை ஒத்தியங்கா முறையிற் பின்னால் நடக்கும். இடையில் மின்சாரம் நின்றால், சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். பேரேட்டிற் பதிந்தது உறுதியான பின்னரே சிட்டையின் பழைய பக்கங்களை விட்டுவிடலாம். இந்தக் கடைசி விதியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். அதனிடம் மீண்டும் வருவோம்.

இதுவரை சொன்னது, முறைமை தானாகவே தாமதிக்கும் வகை. செய்நிரலாளர் தாமே வேண்டிச் செய்யும் ஒத்தியங்கா முறையும் உண்டு. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. இதற்கான வசதியைத் தொடக்கத்திலேயே கொண்டிருந்தது. லினக்ஸ் முறைமையில் முன்பு இருந்த ஏற்பாடு, நினைவகத் தட்டைத் தவிர்த்து நேரே வட்டுக்கு எழுதும்பொழுது மட்டுமே உண்மையிற் காத்திராமல் இயங்கியது. 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.1 பதிப்பில், யென்ஸ் அக்ஸ்போ என்பவர் ஐ.ஓ. யூரிங் என்ற புதிய ஏற்பாட்டைப் புகுத்தினார். செய்நிரலுக்கும் முறைமைக்கும் பொதுவாக இரண்டு வட்ட வரிசைகள் இதில் அமைந்துள்ளன. ஒன்றிற் செய்நிரல் தன் வேண்டுகோள்களை இட்டுக்கொண்டே செல்லும். மற்றொன்றில் முறைமை, முடிந்தவற்றிற்கான விடைகளை இட்டுக்கொண்டே வரும்.

இவ்வசதியைக் கையாள்பவர் மறக்கலாகாத செய்திகள் சில உண்டு. விடை வரும்வரை, கொடுத்த தரவு இருக்கும் நினைவக இடத்தை மாற்றவோ விட்டுவிடவோ கூடாது. மாற்றினால், பாதி பழையதும் பாதி புதியதுமாகப் பதியக்கூடும். முன்னே இட்ட வேண்டுகோள் முன்னே முடியும் என்ற உறுதியும் இல்லை. வரிசை வேண்டுமானால், ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோக்க வேண்டும். "எழுது, அதன்பின் உறுதி செய்" என்று கோத்துவிட்டால், முன்னது பிழைத்தாற் பின்னது நடவாது. விடை வந்தது என்பதற்காகத் தரவு வட்டிற் சேர்ந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. வழமையான எழுத்தாயின், அது தட்டிற் சேர்ந்தது என்பதே அந்த விடையின் பொருள்.

வேண்டுகோள்களை அளவின்றிக் குவிப்பதும் தவறு. வட்டு எவ்வளவு விரைவாக வாங்குகின்றதோ அவ்வளவே ஈற்றில் எழுத முடியும். லினக்ஸ் முறைமையில், எழுதப்படாத தரவு பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 20 வீதத்தை எட்டினால், எழுதுவோரையே நிறுத்தி வைப்பது வழக்கமான அமைப்பாகும். தட்டு நிரம்பினால் எழுதுவினைஞரும் பேனாவைக் கீழே வைக்கத்தான் வேண்டும்.

நேயர்களே, இவற்றை எல்லாம் அறிந்தவர்களும் இடறிய இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது 2009ஆம் ஆண்டிற்குரியது. லினக்ஸ் உலகில் அப்பொழுது எக்ஸ்ட்-3 என்ற பழைய கோப்பு முறைமைக்குப் பதிலாக எக்ஸ்ட்-4 என்ற புதியது வந்துகொண்டிருந்தது. பழையது ஏறக்குறைய 5 செக்கனுக்கு ஒருமுறை எழுதியவற்றை வட்டிற் சேர்த்து வந்தது. புதியதோ விரைவைக் கருதி, வட்டில் இடம் ஒதுக்குவதையே பிற்போட்டது. அதனாற் காத்திருக்கும் நேரம் நீண்டது. கணனி திடீரென நின்று மீண்டும் இயங்கியபொழுது, பயனாளர் சிலருடைய அமைப்புக் கோப்புகள் பெயரளவில் இருந்து, உள்ளே வெறுமையாகக் கிடந்தன. அந்தச் செய்நிரல்கள் எஃப்-சிங்க் கட்டளையை ஒருபொழுதும் இடவில்லை. பழைய முறைமை தற்செயலாகக் காட்டிய தயவை அவை உரிமை என்று எண்ணிவிட்டன. எக்ஸ்ட்-4 முறைமையின் முதன்மை ஆக்குநரான தியடோர் சோ, தவறு செய்நிரல்களுடையது என்று எடுத்துக்காட்டினார். ஆனாலும் பயனாளர் இழப்பை எண்ணி, முறைமையிலும் பாதுகாப்புகளைச் சேர்த்தார். ஒரு கோப்பைப் புதுப்பிக்க வேண்டுமானால், புதிய பெயரில் முழுவதும் எழுதி, உறுதி செய்து, அதன் பின்னரே பழைய பெயருக்கு மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கு அன்று பலருக்கும் புரிந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. போஸ்ட்கிரஸ் என்பது உலகில் மிகுந்த மதிப்புப் பெற்ற தரவுத்தளங்களுள் ஒன்று. எஃப்-சிங்க் கட்டளையை இட மறக்காத செய்நிரல் அது. ஆனால் 2018ஆம் ஆண்டில், அதன் ஆக்குநரிடையே அச்சந்தரும் உண்மை ஒன்று வெளிப்பட்டது. பேரேட்டை உறுதிசெய்ய முற்படும்பொழுது, வட்டிற் பழுது காரணமாக எஃப்-சிங்க் தோல்வி என்று விடை தந்தால், அவர்களுடைய செய்நிரல் சற்றுப் பொறுத்து மீண்டும் அதே கட்டளையை இடும். இரண்டாம் முறை வெற்றி என்று விடை வந்தால், எல்லாம் சரி என்று கொண்டு சிட்டையின் பழைய பக்கங்களை விட்டுவிடும்.

நியாயமான நடைமுறைதானே என்று தோன்றும். ஆனால் லினக்ஸ் முறைமை செய்தது யாது? சிற்றூழியர் தாளைக் கொண்டுபோனார். பதிவேட்டு அறையில் வைக்க இயலவில்லை. அதை ஒருமுறை அறிவித்துவிட்டு, அந்தத் தாளைக் கொண்டுபோகவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். இரண்டாம் முறை கேட்டபொழுது, கொண்டுபோக ஒன்றும் பாக்கி இல்லை என்பதால் "ஆயிற்று" என்றார். அவர் சொன்னது அவர் அளவில் உண்மை. ஆனால் தாள் பதிவேட்டில் இல்லை. சிட்டையின் பக்கமும் விடப்பட்டுவிட்டது. பழைய தரவு புதியதுபோல் மீண்டும் எழுந்து நிற்கும். இழப்பு நேர்ந்ததை எவரும் அறியார்.

ஏறக்குறைய 20 ஆண்டுக் காலம் இந்த நம்பிக்கையின்மேல் அத்தரவுத்தளம் நின்றிருந்தது. 2019 பெப்ரவரியில் வெளிவந்த திருத்தப் பதிப்புகளில் ஆக்குநர்கள் தீர்வு கண்டார்கள். எஃப்-சிங்க் ஒருமுறை தோற்றால் மீண்டும் முயல்வதில்லை; தரவுத்தளம் தன்னைத் தானே உடனே நிறுத்திக்கொண்டு, மீண்டும் எழுந்து, சிட்டையைப் படித்துப் பேரேட்டைப் புதிதாக எழுதும். ஐயத்தோடு ஓடுவதிலும் நின்று சரிபார்ப்பது மேல் என்பதே அம்முடிவின் பொருள்.

ஒத்தியங்கா முறையின் உண்மையான அபாயத்தை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. வேலை தாமதித்து நடைபெறுவது மட்டுமன்று அபாயம். பிழையும் தாமதித்தே வந்து சேர்கின்றது. அது வரும் வேளையில், கட்டளையிட்டவன் அவ்விடத்தை விட்டு நெடுந்தூரம் சென்றிருப்பான். பிழையை வாங்க ஆள் இல்லாவிட்டால், அது யாருடைய காதிலும் விழாமல் மறைந்துவிடும். ஆகையால் ஒத்தியங்கா முறையில் எழுதும் எவரும், எழுதத் தொடங்குமுன்னரே, பிழைவிடை வரும்பொழுது அதை யார் ஏற்பது, ஏற்றபின் யாது செய்வது என்பதைத் தீர்மானித்திருக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கை இன்றும் தொடர்கின்றது. 2025 செப்டெம்பரில் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 18ஆம் பதிப்பில், முன்னே சொன்ன ஐ.ஓ. யூரிங் ஏற்பாட்டையும் பயன்படுத்தத்தக்க ஒத்தியங்கா முறை சேர்க்கப்பட்டது. ஆனால் அப்பதிப்பில் அது வாசிப்பிற்கு மட்டுமே பயன்பட்டது. வாசிப்பிற் பிழை நேர்ந்தால் மீண்டும் வாசிக்கலாம். எழுத்திற் பிழை நேர்ந்தால், இழந்ததை எங்கே தேடுவது?

இனி நமது ஆசிரியரிடம் திரும்புவோம். அவருக்கு நான் சொன்ன விடை இதுதான். கணனி "ஆயிற்று" என்று சொல்வதில் மூன்று வகை உண்டு. ஏற்றுக்கொண்டேன் என்பது ஒன்று. கொண்டுபோய் வைத்தேன் என்பது ஒன்று. வைத்தது நிலைபெற்றது என்பதை உறுதிசெய்தேன் என்பது மற்றொன்று. பென் டிரைவை எடுக்குமுன் முறையாக விடுவிக்கும்படி கணனி கேட்பது, மூன்றாவதைப் பெறுவதற்காகவே. 2018இன் இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு முதல், இவ்வாறு கழற்றக்கூடிய கருவிகளுக்குத் தட்டில் வைத்துத் தாமதிக்கும் வழக்கத்தை அம்முறைமை இயல்பாகவே விட்டுவிட்டது. எல்லா முறைமைகளும் அவ்வாறு செய்வதில்லை. ஆதலின், விடுவித்து எடுக்கும் பழக்கத்தைக் கைவிடாதிருப்பதே அறிவுடைமை.

அவர் மீண்டும் மூன்று நாள் இருந்து புள்ளிகளை ஏற்றினார். இம்முறை விடைத்தாள்கள் கையில் இருந்தன. ஆகவே இழந்ததை மீட்க முடிந்தது. அந்த விடைத்தாள்களே அவருடைய சிட்டை. சிட்டை இல்லாத எத்தனையோ பேர், ஆய்வுக் கட்டுரைகளையும் கடைக் கணக்குகளையும் குடும்பப் படங்களையும், "ஆயிற்று" என்ற ஒரு சொல்லை நம்பி இழந்திருக்கின்றார்கள்.

தாமதித்து எழுதுவது குற்றம் அன்று. அது இல்லையேல் இன்றைய கணனிகள் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். எழுதாததை எழுதியதாக நம்பி, கையில் இருந்த சிட்டையைக் கிழித்துவிடுவதே குற்றம். விரைவு வேண்டிய இடத்தில் தட்டில் இட்டுவிட்டுச் செல்லலாம். இழக்கத் தகாத இடத்திலோ, நின்று, காத்திருந்து, விடையைக் கேட்டு, அதன் பின்னரே அடி எடுத்து வைத்தல் வேண்டும்.